கடல் கடந்த சரக்கும் நம் வீட்டு நகையும்

(மட்டாஞ்சேரியில் நடந்த நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. நமது பிள்ளைகள் ஐந்து பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தது. சீனாவிலிருந்து கைப்பேசித் தாங்கிகளும் வீட்டுச் சாமான்களும் நேரடியாக வரவழைத்து, ஆன்லைனில் விற்கப் போகிறார்களாம். அதற்குச் சங்கத்தின் நலநிதியிலிருந்து 2 லட்சம் ரூபாய் கடனாக வேண்டுமாம். இந்தத் தீர்மானத்தின் மேல் பேசத்தான் எழுந்திருக்கிறேன்.

முதலிலேயே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளின் முயற்சியை நான் ஆதரிக்கிறேன். நலநிதியைத் தொடுவதை எதிர்க்கிறேன். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். அதற்கான காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ரயில்வே ஊழியன். 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, அனுமதி இல்லாமல் நான் எந்த வியாபாரத்திலும் இறங்கக் கூடாது. ஆகவே இந்த வியாபாரத்தில் எனக்குப் பங்கும் இல்லை, இலாபமும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இருபது வருடமாகச் சரக்குச் சீட்டுகளைப் படித்துப் படித்தே வயிறு வளர்த்தவன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

காகிதம் யார் கையில்?

தோழர்களே, கடல் கடந்த சரக்கு இந்த ஊருக்குப் புதிதல்ல. கொச்சிக் கோட்டைக் கரையில் நிற்கும் வலைக்குச் சீனவலை என்றே பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் செங் ஹோ என்ற சீனத் தளபதியின் கப்பல்கள் கொச்சிக்கு வந்து போயின. 1928 மே 26-இல் ‘பத்மா’ என்ற கப்பல் புதிய துறைமுகத்துக்குள் நுழைந்தது. 2011-இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தார்கள். பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏலமும் ஏறி இறங்காத நாளே ஒரு காலத்தில் இருந்ததில்லை. அந்தப் பண்டகசாலைகள் சிலவற்றில் இன்று ஓவியக் கண்காட்சி நடக்கிறது. ஆனாலும் சுக்கு வாசனை சுவரை விட்டுப் போகவில்லை.

இத்தனை சரக்கு வந்து போனதே, சுமந்தவனுக்கு என்ன மிஞ்சியது? இந்தத் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்று ஒரு முறை இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வேலை தேடி வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். விழுந்து புரண்டு எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, எடுக்காதவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15-இல் இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள்.

அந்த வரலாற்றை இங்கே எதற்காக இழுக்கிறேன்? சரக்கைச் சுமப்பவன் கையில் அன்று வெறும் வில்லை இருந்தது. சரக்கின் காகிதம் வேறொருவன் கையில் இருந்தது. காகிதம் வைத்திருந்தவன் மாளிகை கட்டினான். இன்றைக்கு நம் பிள்ளைகள் முதல் முறையாக அந்தக் காகிதத்தைத் தங்கள் கையில் பிடிக்க ஆசைப்படுகிறார்கள். இந்த ஆசையை நான் வரவேற்கிறேன். ஆனால் காகிதம் உண்மையிலேயே அவர்கள் கையில் இருக்குமா, அல்லது பழையபடி வேறொருவன் கையிலேயே இருந்துகொண்டு, இவர்கள் வில்லைக்கு விழுந்து புரளப் போகிறார்களா? என் கேள்வி அதுதான்.

நூறு ரூபாய்ச் சாமானின் கதை

சீனத்தில் ஈவூ என்று ஒரு நகரம். சில்லறைச் சாமான்களுக்கு உலகத்திலேயே பேர்போன மொத்தச் சந்தை அங்கேதான். குவாங்சோ நகரத்தில் 1957 முதல் ஆண்டுக்கு இரு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், பெரிய ஏற்றுமதிக் கண்காட்சி நடக்கிறது. முன்பெல்லாம் அங்கே போகப் பணக்கார வியாபாரியால்தான் முடியும். 1999-இல் அலிபாபா என்ற நிறுவனம் தொடங்கி, தொழிற்சாலைகளின் சரக்குப் பட்டியலைக் கணினிக்கே கொண்டு வந்தது. இன்று வாத்துருத்தியில் ஒற்றை அறையில் இருக்கும் பையனும் கைப்பேசியைத் தடவி விலை கேட்கலாம். பதில் ஐந்து நிமிடத்தில் வருகிறது, அதுவும் “அன்புள்ள நண்பரே” என்று. நம்மை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆகவே பிள்ளைகள் மயங்கிவிடுகிறார்கள்.

திரையில் தெரியும் விலை என்ன விலை? அதில்தான் முதல் குழி இருக்கிறது. ஒரு விலை தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடும். எஃப்.ஓ.பி. என்று போட்டிருந்தால், அவர்கள் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரைதான். சி.ஐ.எஃப். என்றால் நம் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது. அதிலும் நம் நாட்டு வரி சேராது. இந்த மூன்று எழுத்துகளைக் கேட்காமல் விலை பேசுகிறவன், கூலி எவ்வளவு என்று கேட்காமல் வேலைக்கு ஏறியவனுக்குச் சமம்.

கையில் பேப்பர் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறேன். வரி விகிதம் சரக்குக்குச் சரக்கு மாறும். நான் புரிவதற்காக ஒரு விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தாங்கி 100 ரூபாய் வீதம் 1,000 தாங்கிகள். சரக்கின் விலை 1,00,000. கப்பல் கூலியும் காப்பீடும் 20,000. ஆக 1,20,000. இதன் மேல் சுங்க வரி 20 சதவீதம் என்று வையுங்கள்: 24,000. அந்த வரியின் மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 சதவீதம்: 2,400. எல்லாம் சேர்ந்த 1,46,400 ரூபாயின் மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: 26,352. மொத்தம் 1,72,752. சுங்கத் தரகருக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் லாரிக்கும் சேர்த்து 17,248 என்று வைத்தால், சரக்கு அறைக்கு வந்து சேரும்போது 1,90,000. நூறு ரூபாய்த் தாங்கி 190 ரூபாய் ஆகிவிட்டது!

இனி விற்பனைக்கு வாருங்கள். 299 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அதற்குள் ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அது போனால் நிற்பது 253 ரூபாய். விற்றுத் தரும் தளத்தின் கழிவு, கூரியர், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 70 என்று வையுங்கள், மிச்சம் 183. இறக்குமதியில் கட்டிய ஜி.எஸ்.டி.யை, நீங்கள் முறையாகப் பதிவு செய்தவராக இருந்தால், கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்போது அடக்க விலை சுமார் 164. ஒரு தாங்கிக்கு இலாபம் சுமார் 20 ரூபாய். ஆயிரமும் விற்றால் 20,000. உடைந்தது, “வேண்டாம்” என்று திரும்பி வந்தது, இவற்றை நான் இன்னும் கழிக்கவில்லை.

இப்போது தாய்மார்கள் சொல்லுங்கள். அந்த 1,90,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால்? மாதம் 3,800. சரக்கு செய்ய, கப்பலில் வர, சுங்கம் தாண்ட, விற்றுத் தீர என்று ஆறு மாதம் ஆனால் வட்டி 22,800. இலாபம் 20,000, வட்டி 22,800. ஆறு மாதம் ராத்திரி பகலாக உழைத்து, 2,800 ரூபாய் கைநஷ்டம்! வட்டிக்காரன் மட்டும் திண்ணையை விட்டு இறங்காமலே இலாபம் பார்த்துவிட்டான்.

ஆகவே முதல் முடிவு இதுதான்: கடன் பணத்திலும் அடகு நகையிலும் இந்த வியாபாரத்தைத் தொடங்கக் கூடாது. சரக்கைப் பற்றிய குற்றமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வட்டிக் கணக்கு அப்படி இருக்கிறது.

“இருப்பதாகச் சொல்லப்படுவது”

ரயில்வேயில் சரக்கு ஏற்றும்போது எங்கள் ஆள் நின்று எண்ணிப் பார்க்காவிட்டால், ஆர்.ஆர். சீட்டில் ஒரு வாசகம் போடுவோம்: உள்ளே இன்னது “இருப்பதாகச் சொல்லப்படுகிறது.” அதன் பொருள் என்ன? அனுப்பியவன் சொன்னதை எழுதியிருக்கிறோம். எண்ணிக்கைக்கு நாங்கள் பொறுப்பு இல்லை என்பதுதான். கண்டெய்னரில் வரும் சரக்கின் கப்பல் சீட்டிலும் இதே வாசகம் இருக்கும். கப்பல்காரன் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே ஆயிரம் தாங்கி இருந்தாலும், ஆயிரம் செங்கல் இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆகவே பெட்டி மூடுவதற்கு முன்னால் நம் சார்பில் ஒருவர் பார்க்க வேண்டும். இதற்கென்றே கூலிக்குச் சோதனை செய்து, படத்துடன் அறிக்கை தரும் நிறுவனங்கள் சீனத்தில் இருக்கின்றன. சிறிய சரக்குக்கு அந்தக் கூலி கட்டுபடியாகாது என்றால், சரக்கு அவ்வளவு சிறியது என்று அர்த்தம். அப்போது நஷ்டமானாலும் தாங்கக்கூடிய தொகையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் இப்படி: முன்பணம் 30 சதவீதம், ஏற்றுவதற்கு முன் பாக்கி 70. அந்த 70 கையை விட்டுப் போகும் வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு. சோதனை முடியாமல் அதைக் கொடுக்கக் கூடாது. முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறவனையும், நிறுவனத்தின் கணக்கை விட்டுத் தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறவனையும் அந்த இடத்திலேயே விட்டு விலகுங்கள். சரக்கு கைக்கு வரும் வரை பணத்தை இடையில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு சில தளங்களில் உண்டு. அதன் விதிகளைப் படித்துப் பயன்படுத்துங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பிவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு மோசடி. எல்லாம் பேசி முடிந்து, பாக்கிப் பணம் அனுப்பும் நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வரும்: “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று. நடுவில் எவனோ புகுந்து எழுதியதாக இருக்கலாம். பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். அந்த நிமிடமே வங்கிக்கு ஓடுங்கள். 1930 என்ற எண்ணுக்கும் கூப்பிடுங்கள்.

எதிரில் இருப்பவன் உண்மையில் தொழிற்சாலைக்காரனா, தரகனா என்றும் பார்க்க வேண்டும். தரகனாக இருப்பது குற்றமில்லை; தொழிற்சாலை என்று பொய் சொல்வதுதான் குற்றம். சீனத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கப் பதிவு எண் உண்டு. உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் சீன எழுத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாதிரி வரவழைத்தால், அதில் இரு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒன்றைக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி மாப்பிள்ளையாகவும் சரக்கு வேறாகவும் வருவது எல்லா ஊரிலும் உண்டு.

என் வீட்டில் நடந்தது

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் வீட்டிலேயே நடந்தது. 2021-இல் என் மைத்துனன், கொரோனாவில் கடை வேலை போனவன், பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார்களைச் சீனத்திலிருந்து வரவழைத்தான். ஒரு தரகர் வந்தார். அவர் பெயர் வேண்டாம். “பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், சரக்கு உன் வாசலுக்கு வரும்” என்றார். என் தங்கையின் 4 பவுன் அடகுக்குப் போனது. எனக்குத் தெரியாது. தெரிந்தபோது சரக்கு துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஏன் நின்றது? 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை இந்த நாட்டில் விற்கவும் முடியாது, இறக்குமதி செய்யவும் முடியாது. அந்த முத்திரைக்கான உரிமத்தை வாங்க வேண்டியது தயாரிக்கும் தொழிற்சாலை. வரவழைக்கிறவன் பிறகு வாங்கிக்கொள்ள முடியாது. பொம்மை மேல் சுங்க வரியும் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. மைத்துனனுக்கு இதில் எதுவும் தெரியாது. தரகருக்குத் தெரிந்திருக்கலாம், அவர் கைப்பேசியை எடுக்கவே இல்லை.

ரயிலில் வந்த சரக்கை நேரத்தில் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் ஏறுவது போல, துறைமுகத்திலும் நாளுக்கு நாள் வாடகை ஏறுகிறது. 30 நாளுக்குள் விடுவிக்காத சரக்கை ஏலம் போட 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொம்மையும் போயிற்று, 4 பவுனும் போயிற்று. இன்று வரைக்கும் என் தங்கை கழுத்தில் மஞ்சள் கயிறுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அம்மா அந்தக் கழுத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கு நான் உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இன்று சொல்கிறேன். பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை, சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் தரநிர்ணய நிறுவனத்தின் பதிவு, கம்பியில்லாமல் பேசும் காதுக்கருவிக்கு வயர்லெஸ் துறையின் ஒப்புதல், தின்பண்டத்துக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம், முகப்பூச்சுக்கு மருந்துத் துறைப் பதிவு. ஆகவே சரக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் சட்டத்தைத் தேர்ந்து பாருங்கள். “பரிசுப் பொருள் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன்” என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். அந்த வழியை 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டார்கள்.

ஆதாரை வாடகைக்கு விடாதீர்கள்

தாய்மார்களே, இது உங்களுக்காக. வெளிநாட்டுச் சரக்கு வரவழைக்க ஐ.இ.சி. என்று ஓர் எண் வேண்டும். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் தருகிறது. கட்டணம் 500 ரூபாய்தான். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் இணையத்திலேயே வாங்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். தவறினால் எண் செயலிழக்கும். இதைத்தான் சில தரகர்கள் ஏதோ மலையைப் பெயர்ப்பது போலச் சொல்லி ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறார்கள்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. “உன் ஆதாரையும் பானையும் கொடு, இரண்டு கையெழுத்துப் போடு, மாதாமாதம் பணம் தருகிறேன்” என்று காலனிகளுக்குள் ஆள் வருகிறான். நம்முடைய பெயரில் ஐ.இ.சி.யும் ஜி.எஸ்.டி. பதிவும் எடுத்துக்கொண்டு, அவன் சரக்கை அவன் கொண்டு வருவான். வரி ஏய்ப்போ, தடை செய்த சரக்கோ பிடிபட்டால், நோட்டீஸ் யார் வீட்டுக்கு வரும்? துணி வெளுக்கும் அக்காவின் வீட்டுக்கு வரும். சுமை தூக்கும் அண்ணாச்சியின் வீட்டுக்கு வரும். தமிழ்நாட்டில் கூலி வேலை செய்கிறவர்களுக்கே இலட்சக்கணக்கில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அன்று கங்காணி வில்லையை வீசினான். இன்று நம் பெயரையே வில்லையாக எடுத்துக்கொண்டு போகிறான். கையெழுத்து என்பது நம் கையில் இருக்கும் கடைசிச் சொத்து. அதை வாடகைக்கு விடாதீர்கள்.

அந்தப் பக்கம் இருப்பவனும் நம்மைப் போன்றவனே

இந்தச் சாமான்களைச் செய்வது யார் என்பதையும் பேசாமல் உட்கார எனக்கு மனம் இல்லை. சீனத்துக் கடற்கரை நகரங்களின் தொழிற்சாலைகளில் கோடிக்கணக்கானவர்கள் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிறந்த ஊரின் குடும்பப் பதிவு இருக்கிற இடத்தில்தான் முழு உரிமை. வேலை செய்கிற நகரத்தில் பிள்ளையின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திண்டாட்டம். கேட்ட கதை போல இருக்கிறதா? ரேஷன் கார்டு ஓர் ஊரிலும் வயிறு வேறோர் ஊரிலுமாக இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டுக்கு, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, அத்தனை பேரும் ரயிலேறி ஊருக்குப் போகிறார்கள். நம் பொங்கல் கூட்டத்துக்கே டிக்கெட் கொடுத்து மாளாத எனக்கு அந்தக் கூட்டத்தை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. வியாபாரம் செய்யப் போகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த வாரங்களில் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும்.

1993 நவம்பர் 19-இல் சென்சென் நகரில் சீலி என்ற பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியும் ஜன்னல்கள் கம்பி போட்டும் கிடந்தன. 87 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் ஊர்விட்டு வந்த இளம் பெண்கள். சிவகாசிப் பக்கம் 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெந்துபோனவர்களின் ஊர்க்காரர்கள் நாம். ஆகவே “சீனன் எதிரி” என்று கத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மிகக் குறைந்த விலை என்று காட்டும் இடத்தில், அந்த விலையை யார் தன் உடம்பால் கொடுத்தான் என்று ஒரு கேள்வி கேளுங்கள், அது போதும்.

அதே சமயம் நம் பக்கத்து அடுப்பு அணைவதையும் பார்க்க வேண்டும். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டியால் பிழைக்கும் குடும்பங்கள் இந்தக் கூட்டத்தில் பலருக்குச் சொந்தம். தீப்பெட்டி 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆவதற்கு 14 ஆண்டு பிடித்தது. 2021 டிசம்பரில்தான் ஏறியது. அதற்குள் வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடைக்கெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. தொழிலாளரும் உற்பத்தியாளரும் குரல் எழுப்பிய பிறகு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. நம் பஜார் ரோட்டுச் சரக்கான மிளகிலும் இதுதான் கதை. மலிவான வெளிநாட்டு மிளகு புகுந்து விலையைச் சாய்த்தபோது, கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று 2017 டிசம்பரில் விதித்தார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்த் தொழிலாளி செய்யும் சாமானை அடித்து நொறுக்கும் சரக்கைத் தொடாதீர்கள். இங்கே செய்யாததை, இங்கே கிடைக்காததைக் கொண்டு வாருங்கள். அதோடு திருப்பூர்த் துணியையும், கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும், சிவகாசி நாட்காட்டியையும் அதே கடையில் விற்றுப் பழகுங்கள். அதற்குக் கப்பலும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம். நம் ரயில் போதும்.

என்ன செய்யலாம்?

நலநிதி எதற்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், உடலை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆம்புலன்ஸ் செலவு அதிலிருந்து வருகிறது. 2020 ஊரடங்கில் அரிசி வாங்கியது அந்தப் பணம். அது சரக்குக்குப் போய், சரக்கு துறைமுகத்தில் நின்றால், இங்கே ஒரு பிணம் வாசலில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே தீர்மானத்தின் அந்த வாசகத்தை நீக்கச் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக ஆறு நிபந்தனைகளோடு ஒரு திருத்தம் முன்வைக்கிறேன்.

முதலாவது, வியாபாரம் சங்கத்தின் பெயரில் வேண்டாம். ஐந்து பேரும் முறையாகப் பதிவு செய்த பங்காளி நிறுவனம் தொடங்கட்டும், ஐ.இ.சி., ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு எல்லாம் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, முதல் போடுகிறவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து, போனாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடட்டும். நகை, வட்டிப்பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், இம்மூன்றும் உள்ளே வரக் கூடாது.

மூன்றாவது, முதலில் நம் ஊர்ச் சாமானை மூன்று மாதம் விற்றுப் பார்க்கட்டும். படம் பிடிக்கவும், பொதி கட்டவும், திரும்பி வந்ததைச் சமாளிக்கவும் அதில் பழகலாம்.

நான்காவது, வெளிநாட்டுச் சரக்கில் முதல் தவணை சிறியதாக இருக்கட்டும். அதற்கு முன் உரிமம் பெற்ற சுங்கத் தரகர் ஒருவரிடம் சரக்கின் வரி எண், வரி விகிதம், தேவையான அனுமதிகள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கட்டும். வாய்ச்சொல் துறைமுகத்தில் செல்லாது.

ஐந்தாவது, பெட்டியின் மேல் வரவழைத்தவரின் பெயர், முகவரி, செய்த நாடு, விலை, மாதம், ஆண்டு எல்லாம் ஒட்டப்பட வேண்டும் என்பது சட்டம். ஆன்லைனிலும் எந்த நாட்டுச் சரக்கு என்று காட்ட வேண்டும். நம் பெயர் ஒட்டிய சாமான் ஒரு குழந்தையின் கையைச் சுட்டால், பதில் சொல்ல வேண்டியது நாம். அதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

ஆறாவது, கணக்குப் புத்தகத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சபையில் வைக்கட்டும். இலாபத்தைப் பங்கு கேட்க அல்ல, படித்துக்கொள்ள. அடுத்து வருகிற பிள்ளை அதே குழியில் விழாமல் இருக்க.

சங்கம் தன் பங்குக்கு என்ன செய்யும்? மாதத்தில் ஒரு ஞாயிறு இந்தக் கூடத்தைத் தரட்டும். விண்ணப்பம் நிரப்பவும், சீட்டுப் படிக்கவும், வரிக் கணக்குப் போடவும் சொல்லித் தருவோம். நான் வருகிறேன், கூலி வேண்டாம், ஒரு கட்டன் சாயா போதும்.

தோழர்களே, என் தங்கையின் 4 பவுன் இனித் திரும்பாது. அது போன விதம் இந்தக் கூடத்தில் இருக்கும் யாருக்கும் மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான், வீட்டுக் கதையைச் சபையில் சொன்னேன். சொன்னதற்கு அவளிடம் இன்று காலையில் அனுமதி வாங்கினேன். “சொல்லுங்கண்ணே, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்” என்றாள். சபையில்தான் இருக்கிறாள்.

சரக்கு எந்தக் கரையிலிருந்து வேண்டுமானாலும் வரட்டும். காகிதம் நம் கையில் இருக்கட்டும், கணக்கு நம் கண்ணில் இருக்கட்டும், நகை அவரவர் கழுத்தில் இருக்கட்டும். திருத்தத்தை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.